அடியில் நிற்பது யார்

"ஏழு சுரம். ஏழையும் வாசிச்சேன். ஒண்ணைக்கூட விடல. அப்புறம் எதுக்கு என்னை எழுந்திருக்கச் சொன்ன?"

மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சவரிராயன் கேட்டுவிட்டார்.

வெரோணிக்கா தன் பயிற்சி அறையிலிருந்த பியானோவின் மூடியைத் திறந்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மொத்தக் கையையும் கட்டைகளின் மேல் சாய்த்து, ஒரே அமுக்காக அமுக்கினாள்.

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"நானும்தான் சார் எதையும் விடல" என்றாள்.

*

சவரிராயனுக்கு ஐம்பத்தாறு வயது. புதுச்சேரியில் மேற்கத்திய சங்கீதத் தேர்வு எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் வீட்டுக் கூடத்தில் படித்தவர்கள். ஞாயிறு காலையில் பங்குக் கோயிலில் ஆர்கன் வாசிப்பார். இருபத்தேழு வருஷமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

கார்ட் என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். "ஒரே நேரத்துல கேக்குற சுரங்களோட அடுக்கு. அடியில நிக்கிறது ரூட். அதுதான் அடுக்குக்குப் பேர் கொடுக்குது."

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவரை ஜாஸ் பிடித்துக்கொண்டது. மூன்று சுரத்தோடு நின்றுவிடாமல் நைன்த், லெவன்த், தேர்ட்டீன்த் என்று மேலே மேலே ஏறும் அடுக்குகள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். மனப்பாடம் செய்தார். வெரோணிக்காவின் மூவர் குழுவில் பியானோ வாசித்தவன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதும், தானே போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"மன்னிச்சுடுங்க சார். உங்க கைக்குக் கீழே எனக்கு நிக்க இடமில்ல."

அவள் வாசிப்பது பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தடித்த வயலின் மாதிரி ஒரு வாத்தியம். நாலே தந்தி. அதில் ஒரு நேரத்துக்கு ஒரு சுரம்தான்.

அவளுக்கு முப்பத்துமூன்று வயது. பதினொரு வயதில் அவரிடம் பியானோ படிக்க வந்தவள். பாடத்தைப் புத்தக வரிசையில் வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நாலாவது மாதம், "இது தேறாது" என்று அவள் அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் அனுப்பியவள் இப்போது அவரை அனுப்பியிருந்தாள். அதுதான் ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை.

*

"நீ வாசிக்கிறது ஒத்தைச் சுரம். கார்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"கீழேயிருந்து பாத்தா தெரியுறது தெரியும் சார்."

"அப்படி என்ன தெரியும்? சொல்லேன், கேப்போம்."

அவள் பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"‘இ’, ‘ஜி’, ‘பி’, ‘டி’. நாலு கட்டையையும் சேத்து வைங்க. கையை எடுக்காதீங்க."

வைத்தார்.

"இது என்ன?"

"இ மைனர் செவன்த். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

அவள் ‘சி’யை மீட்டினாள். ஒரே ஒரு தடவை.

அவர் கைக்குக் கீழே அறை அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது.

"இப்ப?"

"சி மேஜர் நைன்த்."

‘ஜி’யை மீட்டினாள்.

"ஜி சிக்ஸ்த்."

‘ஏ’வை மீட்டினாள்.

"ஏ லெவன்த்… கிட்டத்தட்ட."

‘எஃப்’பை மீட்டினாள்.

அவருக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ மெல்ல மேலே தூக்கியது போல் இருந்தது.

"கையை மாத்தினீங்களா சார்?"

"இல்ல."

"அப்ப கார்டை மாத்துனது யாரு?"

"நீ."

"நான் ஒத்தைச் சுரம்தானே வாசிச்சேன்?"

சவரிராயன் எழுந்தார். "இது கண்கட்டு வித்தை" என்றார். படபடவென்று படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

*

"இன்னையிலேர்ந்து ரூட்டை நீங்க தொடக்கூடாது" என்றாள் வெரோணிக்கா. "அது என் வேலை."

"முடியாது."

"ஏன் சார்?"

"ரூட் இல்லாம கார்ட் இல்ல. ஆயிரம் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"நீயும் வாசி. நானும் வாசிக்கிறேன். என்ன கெட்டுப்போச்சு?"

அவள் பேஸை மூலையில் சாய்த்துவிட்டாள்.

அடுத்த நாள் அவர் படியேறும்போது அவள் இறங்கி வந்தாள். ஓர் ஆள் அகலத்துக்குத்தான் படி. நடுப்படியில் நேருக்கு நேர் நின்றார்கள்.

"வழி விடும்மா."

"நீங்க விடுங்க சார்."

"நான் மேலே வரணும்."

"நான் கீழே போகணும்."

அவரும் அசையவில்லை. அவளும் அசையவில்லை. கீழ்த்தளம் மாவு மில். அரைத்த மாவைத் தூக்குவாளியோடு மாடி வீட்டுக்குக் கொண்டுபோக வந்த ஓர் அம்மாள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாராச்சும் ஒருத்தர் நகருங்களேன். கை கடுக்குது."

சவரிராயன் இறங்கினார். வெரோணிக்கா பின்னாலேயே இறங்கி வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்குப் பாடம் முடிஞ்சுது சார்."

அவள் தெருமுனை திரும்புகிறவரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தினார்.

"நான் படியைத்தான் விட்டேன்! ரூட்டை விடல!"

*

அதற்கு அடுத்த நாள் நோட்டைக் கொண்டுவந்தார். காலிக்கோ அட்டை போட்ட தடித்த நோட்டு.

"தேர்ட்டீன்த்ல சுரம் ஏழு. அடியில இருக்கறதை எடுத்து மேலே போட்டா ஒரு இன்வெர்ஷன். இப்படி ஏழு நிலை. பன்னெண்டு ரூட்டுக்கும் போட்டா எண்பத்திநாலு. எண்பத்திநாலையும் எழுதியிருக்கேன். எங்க வேணா கேளு."

வெரோணிக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"அழகா இருக்கு சார்."

"கேளுன்னேன்."

பியானோவில் நாலு கட்டையை அமுக்கினாள். ‘சி’, ‘இ’, ‘ஜி’, ‘ஏ’.

"சி சிக்ஸ்த்" என்றார்.

மேலே இருந்த ‘ஏ’வை எடுத்து அடியில் வைத்தாள்.

"ஏ மைனர் செவன்த்."

"ரெண்டும் வேற வேறயா?"

"அதே நாலு சுரம்தான். ஒண்ணோட இன்வெர்ஷன் இன்னொண்ணு."

"எது நேரா நிக்குது? எது தலைகீழா நிக்குது?"

அவர் நோட்டைத் திறந்தார். மூடினார்.

அதை எடுத்துக்கொண்டு போனார். நாலு நாள் வரவில்லை. கூடத்தில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி நின்றார். ஒரு பெண் தப்பாக வாசித்ததைத் திருத்தவில்லை. அவள் பயந்துபோய், "சார், தப்பா வாசிச்சுட்டேன்" என்று அவளாகவே சொன்னாள்.

ஐந்தாம் நாள் நோட்டோடு மாடி ஏறினார்.

"ரெண்டுமே நேரா நிக்குது. ரெண்டுமே தலைகீழா நிக்குது. அடியில யாரு நிக்கிறாங்களோ அதைப் பொறுத்தது."

"அது புத்தகத்துலயே இருக்கே சார்" என்றாள் வெரோணிக்கா.

அவருக்கு முகம் சிவந்தது. "அப்ப புத்தகத்துல இல்லாததைச் சொல்லு."

"இன்னைக்கு என்னால முடியாது. தந்தி அறுந்துபோச்சு. புதுசு வர நாளாகும்."

பேஸ் மூலையில் மூன்று தந்தியோடு சாய்ந்திருந்தது.

"அப்ப நான் கிளம்புறேன்."

"ஏன்? கீழே ஆள் இருக்காரே. வாசிங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினாள்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கேட்டதில்லை. இப்போது உள்ளங்காலில் ஏறியது. ஒரே சுரம், விடாமல். கட்டையைத் தேடிப் பார்த்தார். ‘ஜி’. ஒரு நூல் மேலே.

"சி மேஜர் வைங்க. வெறும் மூணு சுரம். ரூட்டோடவே வைங்க, நான் ஒண்ணும் சொல்லல."

வைத்தார். அவர் வாழ்க்கையில் அதிகம் வைத்த கார்ட் அதுதான். ஆனால் அது உட்காரவில்லை. ஒற்றைக் காலில் நின்றது. சொல்லி முடிக்காத வாக்கியம் மாதிரி தொங்கியது. இடது கையில் ‘சி’யை இன்னும் அழுத்தி வாசித்தார். அதற்கும் கீழே ‘ஜி’ ஓடிக்கொண்டே இருந்தது.

திடீரென்று மில் நின்றது.

அவர் கை அப்படியே இருந்தது. கார்ட் தானாக உட்கார்ந்தது.

 கீழே யாரோ தகரத்தைத் தட்டி மாவை உதிர்க்கும் சத்தம் கேட்டது.

"மில்லுக்காரருக்கு சங்கீதம் தெரியாது" என்றார் சவரிராயன் கடைசியில்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "ஆனா நீங்க கேட்டீங்க."

*

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார்.

காணிக்கைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். ரூட்டை விட்டார். வலது கையில் நைன்த்தும் தேர்ட்டீன்த்தும் மினுங்கின. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

பாடகர்கள் இருபது பேருக்கும் காலடியில் தரை போய்விட்டது. ஆண்குரல்கள் அரைச்சுரம் இறங்கின. பெண்குரல்கள் இறங்க மறுத்தன. மூன்றாம் சரணத்தில் ஒரே பாட்டை இரண்டு கூட்டம் தனித்தனியாகப் பாடியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் இஞ்ஞாசியார் வந்தார். எழுபது வயது. காது கூர்மைக்குப் பேர்போனவர்.

"என்னா சவரிராயன், உடம்புக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப வேணும்னே பண்ணீங்களா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "ஜாஸ் வாசிக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த வெரோணிக்காவோட கச்சேரியாமே. நானும் வர்றேன். அங்கயும் இதே கூத்துன்னா, இந்த நாற்காலிக்கு வேற ஆள் பாக்கணும்."

சவரிராயன் நேரே மாவு மில் மாடிக்கு நடந்தார்.

"உன் பேச்சைக் கேட்டு ஊர் முன்னால அசிங்கப்பட்டேன்!"

வெரோணிக்கா புதுத் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"கோயில்ல உங்களுக்குக் கீழே யாரு வாசிச்சா சார்?"

"யாருமில்ல."

"அப்புறம் எதுக்கு ரூட்டை விட்டீங்க?"

"நீதானே விடச் சொன்ன!"

"அதனாலயா?"

"வேற எதுக்கு?"

அவள் முறுக்காணியிலிருந்து கையை எடுத்தாள். "முன்னாடி புத்தகம் சொல்லிச்சு, வச்சீங்க. இப்ப நான் சொன்னேன், விட்டீங்க. உங்க காது எப்ப சார் பேசும்?"

சவரிராயனுக்குக் கோபம் தலைக்கேறியது. அது அவள்மேல் வந்த கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. பியானோமேல் கிடந்த தன் நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். வாசல்வரை போனார். திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை பியானோ நான்தான்."

"கேக்குறீங்களா, சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"சரி சார்" என்றாள்.

*

கச்சேரி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சாயங்காலம் ஐந்து மணி. கடல் காற்றுக்கு ஜன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. நூறு பேர் இருப்பார்கள். அவரிடம் படித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பாடகர் குழுவில் பாதி. இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இஞ்ஞாசியார், தலையைச் சாய்த்து, கண்ணை மூடியபடி.

டிரம்ஸ் தாஜுதீன். பேஸ் வெரோணிக்கா. நடுவில் சவரிராயன்.

முதல் மூன்று பாட்டு ஒழுங்காகப் போனது. சில இடத்தில் ரூட்டை வைத்தார். சில இடத்தில் விட்டார். எங்கே வைத்தார், எங்கே விட்டார் என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

நாலாவது, ஒரு மெதுவான பாட்டு. அதில் ‘சி’ தேர்ட்டீன்த்தில் எட்டுத் தாளச் சுற்று நின்றுவிட்டு ‘எஃப்’புக்குப் போக வேண்டும். அடியில் வெரோணிக்கா ‘சி’யை ஊன்றினாள். அவர் மேலே நாலே சுரம் வைத்தார்: ‘இ’, ‘ஏ’, ‘பி ஃபிளாட்’, ‘டி’. ‘சி’ அதில் இல்லை.

இரண்டாவது சுற்று முடிந்ததும் பேஸ் நின்றுவிட்டது.

தந்தி அறுந்ததோ என்று திரும்பிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. வெரோணிக்கா கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒன்றுமில்லை. தாஜுதீனின் துடைப்பம் போன்ற கம்பிக் குச்சி மட்டும் டிரம் தோலைத் தடவிக்கொண்டிருந்தது.

இஞ்ஞாசியார் கண்ணைத் திறந்தார்.

சவரிராயனின் இடது சுண்டுவிரல் தானாக நீண்டு ‘சி’ கட்டைக்கு மேல் போய் நின்றது. அந்த விரலுக்கு வழி தெரியும். கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த வீடு அது. கொஞ்சம் இறங்கினால் போதும். இஞ்ஞாசியார் தலையாட்டுவார். நாற்காலி நிலைக்கும். ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னது பொய்யாகாது.

வெரோணிக்காவைப் பார்த்தார். வை என்றும் சொல்லாத முகம். விடு என்றும் சொல்லாத முகம்.

"முடியாது" என்றார் வாய்க்குள். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. விரலை மடக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்.

நாலு சுரமும் அந்தரத்தில் நின்றன. விழவில்லை. அடியில் இருந்த ‘இ’யை எடுத்து மேலே போட்டார். ‘ஏ’ அடிக்கு வந்தது. அதே கார்டின் முகம் வேறு பக்கம் திரும்பியது. ‘ஏ’வைத் தூக்கி மேலே போட்டார். ‘பி ஃபிளாட்’ அடிக்கு வந்தது, கொஞ்சம் இருட்டாக. அதையும் தூக்கினார். ஒவ்வொரு தடவையும் திரும்பியது. ஒரு தடவைகூட இடம் மாறவில்லை. நோட்டில் எழுதிய எண்பத்திநாலில் இது எத்தனையாவது என்று அவர் மனசு தேடவில்லை.

எதைச் சுற்றி அது திரும்புகிறது என்று காதைக் கொடுத்தார். யாரும் வாசிக்காத ஒரு சுரம் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்து நின்றது என்றுதான் தெரியவில்லை.

சவரிராயன் சிரித்தார். மேடையில் வாசிக்கும்போது அவர் சிரித்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

எட்டாவது சுற்று முடியும் நொடியில் வெரோணிக்கா ‘எஃப்’பை மீட்டினாள். அவர் விரல்கள் அங்கே அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தன.

*

கைதட்டல் அடங்கியதும் அவளிடம் போனார்.

"நடுவுல ஏன் நிறுத்தின?"

"விரல்ல கொப்புளம் சார்."

அவள் விரல்களைப் பார்த்தார். கொப்புளம் எதுவும் இல்லை. 

இஞ்ஞாசியார் மேடைக்கு ஏறி வந்தார். பின்னாலேயே பாடகர் குழுவும் வந்தது. பழைய மாணவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"சவரிராயன், அந்த நாலாவது பாட்டு."

"சொல்லுங்க ஐயா."

"இந்தப் பொண்ணு கையைக் கட்டிக்கிட்டு நின்னுடுச்சு. நீங்களாவது ரூட்டை வச்சிருக்கணும். அத்தனை சுத்துக்கும் வைக்கவே இல்ல. கோயில்ல பண்ணின அதே தப்பு."

தள்ளி நின்ற மாணவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"எதை வைக்கலன்னு சொல்றீங்க?"

"‘சி’யை."

"‘சி’தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னா யோசிக்கிறது? அறுபது வருஷக் காது இது. ‘சி’தான். வேற எதுவா இருக்க முடியும்?"

சவரிராயன் பியானோவின் மூடியைச் சாத்தினார். இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

"அந்த ஆறு சுத்தும் நானும் வாசிக்கல. அவளும் வாசிக்கல. அப்புறம் அது ‘சி’தான்னு உங்களுக்கு யாரு ஐயா சொன்னா?"